ஆற்றைக் கடக்க அம்பு போடுங்கள்!

ஓர் ஆறு. அகலம் 500 மீட்டர். தண்ணீர் மணிக்கு 3 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தண்ணீர் ஓடாமல் நின்றால், ஓடக்காரர் மணிக்கு 5 கிலோ மீட்டர் போவார். நேர் எதிரே உள்ள படித்துறைக்கு அவர் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

இது பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் போடுகிற கணக்கு. நன்றாகப் படிக்கிற பிள்ளை உடனே சூத்திரத்தை எழுதிவிடும். 5-ன் வர்க்கம் 25. 3-ன் வர்க்கம் 9. கழித்தால் 16. அதன் வர்க்கமூலம் 4. ஆகவே வேகம் மணிக்கு 4 கிலோ மீட்டர். ஏழரை நிமிடம் ஆகும். விடை சரிதான்.

அந்தப் பிள்ளையிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள். "ஓடத்தின் மூக்கு எந்தப் பக்கம் இருக்க வேண்டும்?"

பலர் விழிப்பார்கள். "நேர் குறுக்கேதான்" என்பார்கள் சிலர். அப்படிப் போனால் 6 நிமிடத்தில் கரை வந்துவிடும். ஆனால் படித்துறைக்கு 300 மீட்டர் கீழே போய் நிற்பார்கள்!

ஓடக்காரர் சூத்திரம் படித்தவர் அல்ல. ஆனாலும் மூக்கை நீர் வருகிற பக்கம் சாய்த்துப் பிடிப்பார். அல்லது கரையோரமாக ஓடத்தை மேலே கொண்டுபோய், அங்கிருந்து விடுவார்.

குறை பிள்ளையிடம் இல்லை. நாம் சொல்லிக் கொடுக்கிற வரிசைதான் தலைகீழாக இருக்கிறது. முதலில் படம் வர வேண்டும். சூத்திரம் பிறகு வரட்டும். இது என் கருத்து.

படம் போடுவது எப்படி?

தாளின் கீழ்ப்பக்கம் ஒரு புள்ளி வையுங்கள். அதுதான் ஓடம் கிளம்பும் இடம். அதிலிருந்து மேலே ஒரு நேர்கோடு போடுங்கள். அது படித்துறைக்குப் போகிற வழி. ஆறு வலப்பக்கமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியிலிருந்து வலப்பக்கம் 3 சென்டிமீட்டர் அம்பு போடுங்கள். அது தண்ணீர். இப்போது காம்பஸை 5 சென்டிமீட்டர் விரியுங்கள். அம்பின் நுனியில் முள்ளை ஊன்றி, அந்த நேர்கோட்டை வெட்டுங்கள். நுனியிலிருந்து வெட்டிய இடம் வரை போடும் அம்புதான் ஓடம். அது இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, பார்த்தீர்களா? அதுதான் நீர் வருகிற பக்கம்! புள்ளியிலிருந்து வெட்டிய இடம் வரை அளந்து பாருங்கள். 4 சென்டிமீட்டர் இருக்கும்.

இந்த அம்புகளுக்குத்தான் வெக்டர் என்று பெயர். தமிழில் திசையன் என்கிறார்கள். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நீளம் வேகத்தைச் சொல்லும். நுனி திசையைச் சொல்லும். அவ்வளவுதான்.

வெட்டாத கோடு

எண்களை மாற்றுவோம். வெள்ளத்தின் வேகம் 5. நீந்துகிறவரின் வேகம் 3. மறுபடியும் படம் போடுங்கள். காம்பஸ் அந்த நேர்கோட்டைத் தொடவே தொடாது!

என்ன அர்த்தம்? எந்தப் பக்கம் திரும்பி நீந்தினாலும் நேர் எதிரே போய்ச் சேர முடியாது என்று அர்த்தம். இதைச் சூத்திரத்தில் போட்டால் 9-லிருந்து 25-ஐக் கழிக்க வேண்டி வரும். "தப்பாகப் போட்டுவிட்டோம்" என்று பிள்ளை எண்களை மாற்றிப் போட்டு, 4 என்று எழுதிவிடும். தாளில் மாற்றிப் போடலாம். ஆற்றில் மாற்றிப் போட முடியுமா?

வெள்ளத்தில் இறங்கவே கூடாது. தவறி விழுந்துவிட்டால்? விழுந்த இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று எதிர்த்து நீந்துகிறவர் மணிக்கு 2 கிலோ மீட்டர் பின்னால்தான் போவார். கைதான் சோரும். பக்கத்துக் கரையைப் பார்த்துக் குறுக்கே நீந்தினால் ஆறு கீழே இழுத்துப் போகும். போகட்டும்! கரை நெருங்கிக்கொண்டே வரும்.

பஸ்ஸும் லாரியும்

ஆற்றுப் பக்கமே போகாதவர்களுக்கும் இந்தக் கணக்கு உண்டு.

நம் ரெயில் நிற்கும்போது பக்கத்து ரெயில் கிளம்பினால், நாமே கிளம்பியதுபோல் இருக்கும். படகில் போகிறவனுக்குக் கரை பின்னால் ஓடுவதுபோல் தெரியும் என்று ஆரியபட்டர் 499-ம் ஆண்டு நூலிலேயே சொல்லியிருக்கிறார். வேகம் என்பது யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

லாரி மணிக்கு 50 கிலோ மீட்டரில் போகிறது. பின்னால் நம் பஸ் 60-ல் வருகிறது. லாரிக்காரர் பார்வையில் நம் பஸ்ஸின் வேகம் வெறும் 10! லாரியைத் தாண்டி இடம் பிடிக்க 40 மீட்டர் முன்னேற வேண்டும் என்று வையுங்கள். அதற்கு 14 விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் பஸ் ரோட்டில் 240 மீட்டர் ஓடியிருக்கும். எதிரே ஒரு கார் 60-ல் வந்தால் அதுவும் 240 மீட்டர் வந்திருக்கும். ஆக, 480 மீட்டர் ரோடு காலியாக இருக்க வேண்டும். "சும்மா ஏறிப் போங்க அண்ணே!" என்று டிரைவரை விரட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

"பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை. படத்துக்கு எங்கே போவது?" என்று ஆசிரியர்கள் கேட்கலாம். அவர்கள் கஷ்டம் உண்மைதான். ஆனால் இந்தப் படத்துக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரு ஸ்கேல், ஒரு காம்பஸ், ஒரு தாள் போதும். கேள்வித்தாள் தயாரிக்கிறவர்கள், "அளவுப்படி படம் வரைக" என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு 2 மதிப்பெண் கொடுக்கட்டும். மதிப்பெண் இல்லாத எதையும்தான் நம் வீடுகளில் படிக்க விடுவதில்லையே!