ஹோஸ் முனையிலிருந்து தொடங்குவோம்

கடல் ஏற்றுமதி முனையங்கள் பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் குழாயின் விட்டத்துக்கும் சுவர்த் தடிமனுக்கும் பக்கம் பக்கமாகக் கணக்கு இருக்கும். கப்பலோடு இணையும் ஹோஸுக்கு ஒரே ஒரு பத்தி, அதுவும் கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

லூசியானா கடலில் உள்ள லூப் துறைமுகம் 1981 முதல் இறக்குமதிக்காக இயங்கியது. எண்ணெயைக் கடலில் நிற்கும் மேடைவரை தள்ளுவது கப்பலின் பம்ப். ஏதாவது கோளாறு என்றால் கப்பலிலேயே நிறுத்திவிடலாம். 2018 பிப்ரவரியில் அங்கே முதல் வி.எல்.சி.சி. ராட்சத எண்ணெய்க் கப்பலில் ஏற்றுமதிச் சரக்கு ஏற்றப்பட்டது. ஏற்றுமதியில் தள்ளுபவர் ஒரு முனையில் இருக்கிறார், அடைப்பு ஏற்படுவதோ மறுமுனையில்.

டெக்சாஸ் கரைக்கு அப்பால் திட்டமிடப்பட்டு, 2024 ஏப்ரலில் உரிமம் பெற்ற ஸ்பாட் முனையத்தை எடுத்துக்கொள்வோம். தலா 36 அங்குலத்தில் இரண்டு குழாய்கள், கடலடியில் மட்டும் சுமார் 75 கி.மீ. ஏற்றும் வேகம் மணிக்கு 85,000 பீப்பாய்வரை. 20 லட்சம் பீப்பாய் கொள்ளும் கப்பல் ஒரு நாளில் நிரம்பிவிடும். குழாய்க்குள் வேகம் விநாடிக்கு 3 மீட்டருக்கு மேல் வருகிறது. ஒவ்வொரு குழாயிலும் சுமார் 36 ஆயிரம் டன் எண்ணெய் ஓடிக்கொண்டிருக்கும். அதைச் சட்டென்று நிறுத்தினால், ஜூகோவ்ஸ்கி சமன்பாட்டின்படி, அழுத்தம் 25 பாருக்கு மேல் எகிறும். ஓட்டத்தின் வழக்கமான அழுத்தத்துக்கு மேல் வரும் கூடுதல் இது. மிதவை ஹோஸ்களின் வழக்கமான தகுதி அழுத்தமோ 15, 19, 21 பார்.

'சட்டென்று' என்றால் எவ்வளவு நேரம்? அழுத்த அலை விநாடிக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் போகும் என்று வைத்தால், 75 கி.மீ. போய்த் திரும்ப 150 விநாடி. அதற்குள் மூடும் எந்த வால்வும் நொடியில் மூடிய வால்வுக்குச் சமம். இழுவை மீறினாலோ அழுத்தம் கூடினாலோ தானாகப் பிரிந்து அடைத்துக்கொள்ளும் பிரேக்அவே கப்ளிங் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அதை மெதுவாக மூடவைக்கும் வடிவமைப்புகள் உண்டு. அந்த மெதுவும் விநாடிக் கணக்குதான். கரையில் பம்பை அந்தக் கணமே நிறுத்தினாலும், அதன் பலன் எண்ணெய் வழியே மேடைக்கு வர 75 விநாடியாவது ஆகும். இடைப்பட்ட நேரத்தில், அழுத்த எழுச்சியைத் தணிக்கத் திறக்கும் சர்ஜ் ரிலீஃப் வால்வு முழு ஓட்டத்தையும் விழுங்க நேர்ந்தால், 280 கன மீட்டர் எண்ணெய்க்கு மேடையில் இடம் வேண்டும். பம்ப் நிலையம் கரையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தால் இன்னும் கூடும். மேடையின் அளவு, எடை, கால்கள் எல்லாம் இந்த எண்ணைச் சார்ந்தவை. அடிப்படை வடிவமைப்பு முடிந்தபின் சர்ஜ் ஆய்வுக்கு ஆள் தேடுவது ஏன் என்று எங்களுக்கு இன்றும் புரியவில்லை.

ஹோஸ் முனையில் கோளாறு வருவது வெறும் கணக்கல்ல. கஜகஸ்தானிலிருந்து 1,500 கி.மீ.க்கு மேல் குழாயில் வரும் எண்ணெயை நோவோரோசிஸ்க் அருகே சி.பி.சி. முனையம் கப்பலேற்றுகிறது. 2021 ஆகஸ்டில் அங்கே எண்ணெய் கசிந்தது கப்பலைக் கட்டும் மிதவையருகே, கப்பல் ஏற்றும்போது. 200 சதுர மீட்டர்தான் என்று முதலில் சொன்னார்கள். செயற்கைக்கோள் படத்திலோ சுமார் 80 சதுர கி.மீ. மறு ஆண்டு ஆகஸ்டில் மூன்று மிதவைகளில் இரண்டை நிறுத்த வேண்டிவந்தது. கடலடி ஹோஸ்கள் மிதப்புத் தொட்டிகளோடு பிணையும் இடத்தில் சேதம்.

 

இனி நமக்கு அனுப்பும் திட்டக் கட்டுரைகளில் முதல் பக்கத்திலேயே மூன்று விவரங்கள் வேண்டும்: ஹோஸ் முனையில் எந்த வால்வு எத்தனை விநாடியில் மூடும், அந்தச் சமிக்ஞை கரைப் பம்பை எந்த வழியில் எட்டும், வழியில் தொடர்பு அறுந்தால் மேடை தனியாக எவ்வளவு நேரம் தாங்கும். விட்டக் கணக்கு இரண்டாம் பக்கத்தில் வரட்டும்.