மணிக்கட்டுக்கு மேலே மூன்று விரல்

உள்ளங்கை மேலே பார்க்கும்படி ஒரு கையை நீட்டுங்கள். மற்றக் கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, மோதிர விரல் மணிக்கட்டு மடிப்பை ஒட்டியிருக்கும்படி குறுக்காக வையுங்கள். ஆள்காட்டி விரல் முடியும் இடத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே உள்ள பள்ளம்தான் நெய்குவான் என்னும் சீன மருத்துவப் புள்ளி. சிலருக்கு அந்த நாண்களில் ஒன்று பிறவியிலேயே இருக்காது. அதில் குறையொன்றும் இல்லை, கையின் நடுக்கோட்டைப் பிடித்தால் போதும். அளவுக்கு யாருடைய விரல் என்பது முக்கியம். சீன மருத்துவம் நோயாளியின் உடலையே அளவுகோலாக்குகிறது. குழந்தைக்குப் பார்க்கும்போது குழந்தையின் விரல்தான் கணக்கு.

இதயத்தைச் சூழ்ந்த உறையின் பெயரைத் தாங்கிய தடம் ஒன்று மார்பில் தொடங்கி, கையின் உட்புறமாக இறங்கி, நடுவிரல் நுனியில் முடிகிறது என்பது சீன மருத்துவத்தின் வரைபடம். அதில் ஆறாவது புள்ளி இது. கீழே இறங்க வேண்டிய இரைப்பையின் 'ச்சி' என்னும் உயிராற்றல் எதிர்த்து மேலேறினால் குமட்டலும் விக்கலும் வரும் என்றும், இந்தப் புள்ளி அதைத் திருப்பி இறக்கும் என்றும் அம்மருத்துவர்கள் விளக்குவார்கள். நெஞ்சு இறுக்கம், படபடப்பு, தூக்கமின்மை ஆகியவற்றுக்கும் இதையே நாடுகிறார்கள்.

இந்தப் பயன்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆய்வாளர்கள் மிகுதியாகச் சோதித்தது குமட்டலைத்தான். பெல்ஃபாஸ்டில் மயக்கவியல் பேராசிரியராக இருந்த ஜான் டண்டீ, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வாந்திக்கு இப்புள்ளியை 1980களில் சோதித்தார். அவருடைய குழு பின்னர் செய்த ஒரு சோதனை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: புள்ளியை மரத்துப்போகச் செய்துவிட்டு ஊசி குத்தினால் பலன் மறைந்துவிட்டது. அந்த இடத்துக்கு அடியில் கையின் நடு நரம்பு ஓடுகிறது. தடங்களை நம்பாதவரும் நரம்பை மறுக்க முடியாது. மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வு 59 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. போலித் தூண்டலைவிட இப்புள்ளியைத் தூண்டியபோது அறுவைக்குப் பிந்தைய குமட்டலும் வாந்தியும் குறைந்தன; வாந்தித் தடுப்பு மருந்துகளோடு ஒப்பிட்டபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. போலித் தூண்டலோடு ஒப்பிட்ட சான்றின் தரம் குறைவு என்பதையும் அதே மதிப்பாய்வு சொல்கிறது. பயணக் குமட்டலுக்கும் கர்ப்பகால மசக்கைக்கும் கிடைத்த முடிவுகள் இவ்வளவு ஒருமுகமாக இல்லை. ஆனாலும் விரலால் அழுத்துவதில் ஆபத்து மிகக் குறைவு என்பதால் முயன்று பார்ப்பதை நான் தடுக்க மாட்டேன்.

கட்டைவிரலால் இரண்டு, மூன்று நிமிடம், வலி எடுக்காத அளவுக்கு அழுத்தி, பிறகு மறு கைக்கு மாறலாம். பேருந்துப் பயணத்துக்கு, குமிழ் பதித்த மணிக்கட்டுப் பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. கை மரத்துப்போனால் கழற்றிவிடுங்கள். ஊசி போடுவது வேறு விஷயம். நரம்பு அவ்வளவு அருகில் இருப்பதால் பயிற்சி பெற்றவர் மட்டுமே செய்ய வேண்டும்.

மசக்கையில் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். நெஞ்சுக்கு இப்புள்ளி நல்லது என்று படித்துவிட்டு, நெஞ்சுவலி வந்தவரின் கையை அழுத்திக்கொண்டு வீட்டில் உட்காரவே கூடாது. வலி தாடைக்கோ தோளுக்கோ பரவினாலும், வியர்த்து மூச்சு வாங்கினாலும், உடனே 108ஐ அழையுங்கள்.