மகள் போய் அப்பா வந்தார்

குரலை முதலில் பதிவு செய்தது யார்? ஆபீஸ் க்விஸ்ஸில் கேட்டால் 'எடிசன், 1877' என்பீர்கள். மார்க் கிடையாது. 1857-லேயே பாரீஸில் ஸ்காட் என்ற அச்சுத் தொழிலாளி அதற்குப் பேட்டன்ட் வாங்கிவிட்டார். சிலிண்டரில் சுற்றிய காகிதம், அதன்மேல் விளக்குப் புகைக்கரி, ஒரு பன்றிமயிர். எதிரே பாடினால் மயிர் அதிர்ந்து கரியில் நெளிநெளியாகக் கோடு போடும். திருப்பிக் கேட்க முடியாது. 'கண்ணால் படித்துக்கொள்ளேன்' என்பது அவர் கட்சி! எடிசனுக்குப் பேர் போனதில் பொருமிவிட்டு 1879-ல் கண்ணை மூடினார்.

2008-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், 1860 ஏப்ரல் 9 தேதியிட்ட காகிதத்தை ஸ்கேன் பண்ணி, நெளிவுகளை எண்களாக்கி, கம்ப்யூட்டரைப் பாடச் சொன்னார்கள். பாடியது! ஒரு பிரெஞ்சு நாட்டுப்பாட்டு, 10 செகண்ட். பெண் குரல். ஸ்காட்டின் மகளோ என்று பத்திரிகைகள் உருகின.

அடுத்த வருஷம் குட்டு உடைந்தது. பாட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு டியூனிங் ஃபோர்க்கின் அதிர்வையும் ஸ்காட் பதிந்திருந்தார். அதுதான் கடிகாரம். அதை செகண்டுக்கு 500 அதிர்வு என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கால பிரெஞ்சுக் கணக்கில் போவது ஒன்று, வருவது ஒன்று. ஆகவே நிஜத்தில் 250தான். பாதி வேகத்தில் ஓட்டினால் ஆண் குரல், அநேகமாக ஸ்காட்டேதான், நிதானமாகப் பாடுகிறார்.

அந்த ஃபோர்க் கோடு இல்லையென்றால் மகளே நிலைத்திருப்பாள். வீட்டுப் பழைய கேசட்டை கம்ப்யூட்டரில் ஏற்றும்போது யார், எப்போது, என்ன ஸ்பீடு என்று எழுதி வையுங்கள் சார். இல்லாவிட்டால் பேரன் காலத்தில் தாத்தா, பாட்டியாகிவிடுவார்.