காலியாக நிற்கும் நொதி

ஐஎஸ்ஓ 15189:2022-க்கு மாறக் கொடுத்த மூன்றாண்டுக் கெடு 2025 டிசம்பரோடு முடிந்தது. நோயாளிக்கு நேரும் இடரை முன்னால் வைக்கச் சொல்கிறது புதிய பதிப்பு. அதற்கும் ஒரு பதிவேடு போட்டாகிவிட்டது. அதில் எத்தனை பேர் பைரிடாக்சல் பாஸ்பேட்டை (பி5பி) எழுதினீர்கள்?

எஸ்ஜிபிடி கிட்டுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரித்துப் பாருங்கள். டிரிஸ் பஃபர், அலனின், ஆக்ஸோகுளுட்டரேட், எல்டிஎச், என்ஏடிஎச். பல கிட்டுகளில் பட்டியல் அதோடு சரி. மேலே 'ஐஎஃப்சிசி முறை' என்று கொட்டை எழுத்து, கீழே 'பி5பி இல்லாமல்' என்று பொடி எழுத்து. 2002-இல் வெளிவந்த ஐஎஃப்சிசி செய்முறையில் பி5பி உண்டு. அதை எடுத்துவிட்ட பிறகு அந்தப் பெயர் எதற்கு?

என்ஏடிஎச்-ஐ எந்தக் கம்பெனியும் விடாது. விட்டால் 340 நானோமீட்டரில் ஒன்றும் அசையாது, உடனே அகப்பட்டுக்கொள்வார்கள். பி5பி இல்லாவிட்டாலும் எண் வந்துவிடும். சீரத்தில் ஏற்கெனவே பி5பி ஒட்டியிருக்கும் நொதி மட்டும் வேலை செய்யும். காலியாக நிற்கும் அப்போஎன்சைம் கணக்கிலேயே வராது. ஈக்வாஸும் காட்டிக்கொடுக்காது. ஒரே குறையுள்ள கிட்காரர்களை ஒரே குழுவில் போட்டுத்தானே ஒப்பிடுகிறார்கள்! (பாஸ்பேட் பஃபர் கிட்டில் பி5பி-யை நீங்களே ஊற்றிப் பார்க்க வேண்டாம். பாஸ்பேட் அதை ஒட்டவிடாது.)

குடிநோயாளிகள், ஐசோனியசிட் சாப்பிடுபவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும். ஆனால் என் மனம் போய் நிற்பது டயாலிசிஸ் வார்டில்தான். அங்கே பி5பி-யாக மாறும் வைட்டமின் பி6 குறைவு சகஜம். மாதாமாதம் எஸ்ஜிபிடி பார்ப்பதோ ஹெபடைட்டிஸ் சி-யை மோப்பம் பிடிக்க. நான் முன்பு வேலை பார்த்த ஆய்வகத்தில் ஒருவருக்கு ஆறு மாதம் 'நார்மல்' என்று கையெழுத்துப் போட்டேன். அதே சீரத்தை பி5பி உள்ள கிட்டில் ஓட்டியபோது மேல்வரம்பைத் தாண்டியது. பிறகு எச்சிவி பாசிட்டிவ். கொள்முதல் குழுவுக்கு எழுதினேன். டெண்டரில் குறைந்த விலை எதுவோ அதுதான் என்று பதில் வந்தது. தணிக்கைக்கு வந்தவர்கள் ஃபிரிட்ஜ் வெப்பநிலைச் சீட்டில் ஒருநாள் கையெழுத்து விடுபட்டதைக் கண்டுபிடித்தார்கள். ரீஜெண்டில் விடுபட்ட கோஎன்சைமை அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்பதில்லை. கிட்டுக்கு உரிமம் தருகிறவர்களும் அட்டைப்பெட்டியில் ஒட்டிய பெயரோடு நின்றுவிடுகிறார்கள்.

எங்கள் நிலை இதுதான்: பி5பி இல்லாத கிட் என்றால் அறிக்கையில் அப்படியே அச்சிடுங்கள். டயாலிசிஸ் மாதிரிகளையாவது பி5பி கிட்டில் ஓட்டுங்கள், ரெஃபரன்ஸ் ரேஞ்சையும் சேர்த்து மாற்றுங்கள். மாற்றும் முன் நெஃப்ராலஜி டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். திடீரென ஏறிய எண்ணைப் பார்த்தால் அவர் முதலில் திட்டுவது நம்மைத்தான்.