நகை காணாமல் போனால் யார் வீட்டுக் கதவு முதலில் தட்டப்படும்?

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் பற்றி மாணவத் தோழர்களிடம் பேச்செடுத்தால் மூன்று விதமான பதில்கள் வரும். "ரயில்ல போகும்போது படிக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்" என்பது ஒன்று. "மூளைக்கு நல்ல பயிற்சி" என்பது இரண்டாவது. "வெள்ளைக்காரன் எழுதின துப்பறியும் கதை, அதுல நமக்கு என்ன இருக்கு?" என்பது மூன்றாவது. அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நமக்கு அதில் நிறையவே இருக்கிறது தோழர்களே. எதை எடுத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது என்பதில்தான் நாம் தெளிவாக இருக்க வேண்டும்.

ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் 1859 மே மாதம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தவர். அதே ஆண்டு ஜூலையில் நம் செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் பிறந்தார். ஒருவர், குற்றவாளியை எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கதை எழுதினார். மற்றவர், பிறப்பே குற்றமாக்கப்பட்ட மக்களுக்காக 1893-ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இந்த இரண்டு வேலைகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் துப்பறியும் கதை நமக்கு என்ன சொல்கிறது என்பது புரியும்.

1892 ஜனவரியில் வெளிவந்த 'ப்ளூ கார்பங்கிள்' கதையை எடுத்துக்கொள்வோம். பெரிய ஓட்டல் ஒன்றில் தங்கியிருந்த சீமாட்டியின் விலைமதிப்பற்ற கல் காணாமல் போகிறது. அன்று அந்த அறைக்குப் பற்றவைப்பு வேலைக்காக வந்துபோன தொழிலாளி ஒருவரைப் போலீஸ் பிடிக்கிறது. அவர் முன்பு ஒரு வழக்கில் தண்டனை பெற்றவர். அது போதும் என்று போலீஸ் நினைக்கிறது. ஆனால் ஹோம்ஸ் ஆளை விட்டுவிட்டுத் தடயத்தைப் பின்தொடர்ந்து போகிறார். திருடியது அதே ஓட்டலின் மேல்நிலை ஊழியர் என்று தெரிய வருகிறது.

முதலில் தடயம், பிறகுதான் ஆள். துப்பறியும் கதையின் அடிப்படை விதி இதுதான். நம் ஊரில் இந்த விதி தலைகீழாக இருக்கிறது. ஆளை முதலில் முடிவு செய்துவிட்டு, அடித்து, அதன்பிறகு அவன் வாயிலிருந்தே தடயத்தை வரவழைக்கிறார்கள்.

'ஜெய் பீம்' படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். வசதியானவர் வீட்டில் புகுந்த பாம்பைப் பிடிக்க ஓர் இருளர் அழைக்கப்படுகிறார். பிறகு அந்த வீட்டில் நகை காணாமல் போகிறது. உதவிக்கு வந்தவரே திருடனாக்கப்படுகிறார். 1993-ல் நடந்த உண்மையான காவல் மரண வழக்கை அடிப்படையாகக் கொண்ட படம் அது. பழைய கதை என்று யாரும் ஆறுதல் அடைய முடியாது. 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில், காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி அடித்தே கொல்லப்பட்டார். அடித்ததை ஒருவர் செல்போனில் எடுத்திருக்காவிட்டால் அந்த மரணத்துக்கு என்ன காரணம் எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்குப் போயிருக்கிறீர்களா? இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்கும் இடம் அது. பாம்புக்கடி மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் அவர்கள்தான். மண்ணில் விழுந்த தடத்தைப் பார்த்தே என்ன பாம்பு, எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள். நம் மாவட்டத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கே அழைக்கப்பட்டு, அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ஹோம்ஸ் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு செய்ததை இவர்கள் வெறுங்கண்ணால் செய்கிறார்கள். தடயத்தைப் படிக்கத் தெரிந்த இந்தச் சமூகம்தான் சந்தேகப் பட்டியலில் முதலில் இருக்கிறது. துப்பறியும் அறிவு யாரிடம் இருக்கிறது, துப்பறியும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும்.

ஹோம்ஸைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை. 1890-ல் வந்த 'தி சைன் ஆஃப் ஃபோர்' நாவலைப் படியுங்கள். ஒரு சிறிய காலடித் தடத்தைப் பார்த்ததும் ஹோம்ஸ் கெஜட்டியரைப் புரட்டி, அந்தமான் பழங்குடி மக்கள் அனைவரையும் கொடூரமானவர்கள் என்று வாசிக்கிறார். தடயத்தை மட்டுமே நம்புவதாகச் சொன்ன மனிதர் அந்த இடத்தில் பிறப்பை நம்புகிறார். 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பிறப்பித்ததும், 1911-ல் அதைச் சென்னை மாகாணத்துக்கு நீட்டித்ததும் இதே கெஜட்டியர் புத்திதான். சட்டத்தை எடுத்துவிட்டார்கள், புத்தி இன்னும் ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் கதைக்கு வெளியே அதே டாயில் வேறு மாதிரி நடந்துகொண்டார். இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில், பம்பாயிலிருந்து போன பார்சி பாதிரியாரின் மகன் ஜார்ஜ் எடால்ஜி, இரவில் கால்நடைகளை அறுத்ததாக 1903-ல் தண்டிக்கப்பட்டார். அவர் பத்திரிகையைக் கண்ணருகே வைத்துப் படிப்பதை டாயில் கவனித்தார். இவ்வளவு பார்வைக் குறைபாடு உள்ளவர் இருட்டில் வயல்களைத் தாண்டிப் போய் அதைச் செய்திருக்க முடியுமா என்று 1907-ல் பத்திரிகையில் எழுதினார். அதே ஆண்டு எடால்ஜிக்கு மன்னிப்பு வந்தது, இழப்பீடு மட்டும் வரவில்லை.

அடுத்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். ஆஸ்கர் ஸ்லேட்டர் ஜெர்மனியிலிருந்து வந்த யூதர். கொலையான மூதாட்டி வீட்டில் ஒரு நகை காணவில்லை, இவர் ஒரு நகையை அடகு வைத்திருந்தார் என்று போலீஸ் துரத்தியது. அது கொலைக்கு முன்பே அடகு வைக்கப்பட்ட அவருடைய சொந்த நகை என்று தெரிந்தது. தடயம் பொய்த்த பிறகும் ஆளை விடவில்லை. 1909-ல் தூக்குத் தண்டனை விதித்து, பிறகு அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார்கள். டாயில் 1912-ல் அவருக்காகப் புத்தகம் எழுதினார். 1928-ல்தான் தீர்ப்பு ரத்தானது. வழக்கில் தவறு இருப்பதாக உள்ளிருந்தே சொன்ன போலீஸ் அதிகாரியை வேலையை விட்டே அனுப்பிவிட்டார்கள். ஸ்காட்லாந்தில் அந்நியன், இங்கே சேரிக்காரன். பெயர்தான் வேறு.

துப்பறியும் கதைக்கு ஒரு பெரிய குறையும் உண்டு. அதில் குற்றவாளி யார் என்று யாருக்கும் தெரியாது. சாதிக் குற்றத்திலோ பெரும்பாலும் ஊருக்கே தெரியும். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதில் என்ன மர்மம் இருந்தது? ஆனாலும் கார் வைத்திருக்கும் பண்ணையார்கள் நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை எனச் சொல்லி உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. ஏழைக்குப் பிறப்பு குற்றத்துக்குச் சாட்சி, பணக்காரனுக்கு அந்தஸ்து நிரபராதி என்பதற்குச் சாட்சி. வேங்கைவயலையும் பாருங்கள். தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீது. அதை ஏற்க மறுத்து மக்கள் சிபிஐ விசாரணை கேட்டார்கள்.

எனவே நமக்கு ஒற்றை மேதை தேவையில்லை, நாலு பேர் கொண்ட உண்மை கண்டறியும் குழு போதும். சம்பவம் நடந்த மறுநாளே அந்த ஊருக்குப் போக வேண்டும். தேதி, நேரம், தெருவிலிருந்து எவ்வளவு தூரம், விளக்கு எரிந்ததா, முதலில் யாரிடம் சொன்னார்கள் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். கேள்விப்பட்டதையும் கண்ணால் பார்த்ததையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். சாட்சிகளின் பெயரை வாட்ஸ்அப்பில் போடக் கூடாது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன புகாரை எழுதியபின் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலையும் கொடுக்க வேண்டும் என்கிறது பிரிவு 4. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்கிறது விதி 7. கலெக்டரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது விதி 12. பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் உள்ள உரிமைகளைப் பிரிவு 15ஏ சொல்கிறது. இவற்றில் எது நடக்கவில்லை என்று தேதியோடு எழுதி வைத்தால், அந்தக் குறிப்பு நாளை வழக்கறிஞருக்குப் பயன்படும்.

செங்கல்பட்டு சட்டக் கல்லூரித் தோழர்களே, அடுத்த வாசிப்பு வட்டத்துக்கு 'ப்ளூ கார்பங்கிள்' கதையை எடுத்துக்கொண்டு போங்கள். அந்தக் கதையின் முடிவில் ஹோம்ஸ், அழுது மன்னிப்புக் கேட்ட உண்மைத் திருடனைப் போகவிடுகிறார். அந்த இரக்கம் அவனுக்குக் கிடைத்தது எப்படி, நம் இருளர் குடியிருப்புப் பையனுக்கு அது கிடைக்குமா என்று விவாதியுங்கள். விவாதம் முடிந்ததும் பக்கத்துக் குடியிருப்புக்குப் போய், சந்தேகத்தின் பேரில் கடைசியாக ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகப்பட்டவர் யார் என்று கேளுங்கள். நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஜெய் பீம்!