ஆண்மையும் ஊசி மருந்தும்

ஆண்மை என்னும் சொல்லுக்கு ஆளுந்தன்மை என்று பொருள் கூறுவது எங்கள் வழக்கம். பிறன் மனைவியை விரும்பாத மன அடக்கத்தைப் பேராண்மை என்றார் வள்ளுவர். விடாமுயற்சியைத் தாளாண்மை என்றார். இந்நாளில் அச்சொல் கைத்தொலைபேசி விளம்பரங்களில் அகப்பட்டு, ஊசியாகவும் களிம்பாகவும் விலைக்கு வாங்கத்தக்க சரக்காகிவிட்டது. ஹற்றனிலும் நுவரெலியாவிலும் அவற்றைப் பார்ப்போர் பலர். மருந்தாராய்ச்சியில் தமிழ்ப் பண்டிதனுக்கு என்ன வேலை என வினவுவோர்க்கு என் விடை இது: சொல்லைக் கெடுத்து விற்கும் இச்சரக்கு உடலையும் கெடுக்கக்கூடும்.

டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆணின் விதைகளிற் சுரக்கும் ஓமோன். 1935ஆம் ஆண்டில் அது பிரித்தெடுக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே செயற்கையாகவும் ஆக்கப்பட்டது. விதைகளேனும் கபச்சுரப்பியேனும் நோயுற்று, அவ்வோமோன் மெய்யாகவே குன்றியவர்க்கு அது நல்ல மருந்து; அதில் ஐயமில்லை.

இம்மருந்து இதயத்துக்கு ஆகாது என்ற அச்சம் நெடுநாள் நிலவிற்று. 2015இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அவ்வச்சத்தை மருந்துக் குறிப்பிலேயே எழுதுவித்தது. 2023இல் வெளியான பெருஞ்சோதனையொன்று அதனைப் பெரிதும் தணித்தது. இதயநோய் உள்ளவரும் அந்நோய்க்கு ஆளாகக்கூடியவருமான 5,204 ஆண்களை ஆராய்ந்தபோது, மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை மருந்து பூசியோரில் நூற்றுக்கு 7.0, போலிக் களிம்பு பூசியோரில் 7.3 என்றே காணப்பட்டன. விற்போர் இவ்விடத்திலேயே வாசிப்பை நிறுத்திக்கொள்கின்றனர். அச்சோதனையிற் சேர்ந்தோர் அனைவரும் இருமுறை இரத்தம் சோதிக்கப்பட்டு, ஓமோன் குறைவு உறுதியானவர்கள். அவர்கள் மருந்து பூசியதோ சராசரியாக இரண்டாண்டுக்கும் குறைவு. இருபதாண்டுப் பயன்பாட்டுக்கு அதனைச் சான்றாக்குவது எங்ஙனம்? ஒழுங்கற்ற இதயத்துடிப்பும், நுரையீரலில் இரத்தக்கட்டியும், சிறுநீரகப் பாதிப்பும் மருந்து பெற்றோரிடமே கூடுதலாயிருந்தன. எலும்பை வலுப்படுத்தும் என நம்பப்பட்ட இம்மருந்தைப் பெற்றோரில் 91 பேருக்கு எலும்பு முறிந்தது. மற்றையோரில் 64 பேருக்கே முறிந்தது. மழையில் வழுக்கும் சரிவிலே கவ்வாத்துக் கத்தியோடு நிற்பவனுக்கு இஃது அற்பச் செய்தியன்று. 2025இல் அதே நிறுவனம் இதயம் பற்றிய பழைய எச்சரிக்கையைத் தளர்த்தியபோதும், இரத்த அழுத்தம் உயரும் என்ற எச்சரிக்கையைச் சேர்க்கப் பணித்தது.

நன்மையையும் மறைத்தலாகாது. 2021இல் வெளியான அவுஸ்திரேலியச் சோதனையில், உணவு, உடற்பயிற்சி ஒழுங்கோடு இவ்வூசியையும் ஈராண்டு பெற்றோரில் நூற்றுக்கு 12 பேரே நீரிழிவு நிலையில் இருந்தனர். போலி ஊசி பெற்றோரில் 21 பேர். ஆயினும் ஊசி பெற்றோரில் நூற்றுக்கு 22 பேருக்கு இரத்தம் அபாய எல்லைவரை தடித்தது. மற்றையோரில் ஒருவருக்கே அவ்வாறாயிற்று. ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட நுவரெலியா உயரத்தில் செங்குருதிக் கலங்கள் சிறிதளவேனும் இயல்பாகவே மிகும். அங்கு வாழ்பவன் காலமுறைப்படி இரத்தம் சோதியாமல் இவ்வூசி ஏற்றிக்கொள்வது தகாது.

எல்லாவற்றினும் கொடிய முரண் வேறொன்று. வெளியிலிருந்து இவ்வோமோன் வந்து சேர்ந்தால், உடல் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும், விந்தணு குன்றும், பலரிடம் அறவே அற்றுப்போகும். உலகச் சுகாதார நிறுவனம் இவ்வூசியை ஆண்களுக்குரிய கருத்தடையாகவே சோதித்து 1990இல் முடிவுகளை வெளியிட்டது. கருத்தடைக்குச் சோதித்த மருந்தை ஆண்மை மருந்தென்று விற்பதை என்னென்பது?

என் பழைய மாணவன் ஒருவன், ஹற்றனுக்கு அண்மித்த தோட்டத்தான், மணமாகி மூன்றாண்டு பிள்ளையில்லாதவன், சென்ற ஆண்டு ஒரு மருந்துத் தாளோடு வந்தான். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. "ஐயா, இதைப் போட்டால் பிள்ளை கிடைக்கும் என்கிறார்கள்" என்றான். விந்தணு குன்றும் என்று அத்தாளிலேயே இருந்த வரியைத் தமிழிற் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தான். பிள்ளையில்லாமைக்கு அதுவரை வீட்டிலே பழிகேட்டவள் அவன் மனைவி. தன்னைச் சோதித்துக்கொள்ளுமாறு அவனிடம் எவரும் கூறியதில்லை.

நாற்பது வயதில் மலையேற மூச்சு வாங்குவதும், மாலையிற் சோர்வதும் ஓமோன் குறைவாலேயே என்று கொள்வது பெரும்பாலும் பிழை. இரத்தச்சோகை, நீரிழிவு, மதுப்பழக்கம், கோதுமை ரொட்டியும் தேநீருமாய்க் கழியும் உணவு ஆகியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். மதுவும் நீரிழிவும் அவ்வோமோனையே குறைப்பன. மூலத்தை விட்டு ஊசியைத் தேடுவதாற் பயனென்ன? டிக்கோயா கிளங்கன் போன்ற அரசினர் வைத்தியசாலைகளில் வைத்தியரைக் காண்பதற்குக் கட்டணமில்லை. அவர் ஓமோன் சோதனை வேண்டுமென்றால், வெவ்வேறு நாளில் இருமுறை, காலையில், வெறுவயிற்றில் இரத்தம் கொடுத்தல் வேண்டும். பிள்ளைப்பேறு விரும்புவோன் அதனை வைத்தியரிடம் முதலிலேயே கூறிவிடுதல் வேண்டும். மருந்துப் பெட்டியினுள் வரும் தாள்களைத் தமிழிலும் அச்சிடுமாறு கேட்பது ஆசிரியர் சங்கங்களாலும் இலக்கியக் கழகங்களாலும் இயலும். அம்முயற்சியை ஹற்றனிலேயே தொடங்கலாம்.