வாயைப் பார்த்து மருந்தடி

திருக்கனூர் பக்கம் நெல்லில் பூச்சி விழுந்தால் உரக்கடையில் முதலில் கேட்பது, "எத்தனை காணி?" என்பதைத்தான். வந்திருப்பது என்ன பூச்சி, அதன் வாய் எப்படிப்பட்டது என்று கேட்பவர் அபூர்வம். எனக்கென்னவோ அந்த வாயில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது என்று தோன்றுகிறது.

வரப்பில் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து முகத்தை உற்றுப் பாருங்கள். மேலுதடு, அதன்கீழ் இடமும் வலமுமாக அசைந்து நறுக்கும் ஒரு ஜோடித் தாடை, பின்னால் சற்று மெல்லிய துணைத்தாடை ஒரு ஜோடி, கடைசியில் கீழுதடு. பூச்சி வாயின் ஆதி அமைப்பு ஏறக்குறைய இதுதான். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் இதே உறுப்புகள்தான், ஆனால் ஆளே மாறிவிட்டன. இரண்டு ஜோடித் தாடைகளும் முடியைவிட மெல்லிய நான்கு ஊசிகள், கீழுதடு அவற்றுக்கு உறை. உள்ஜோடி ஊசிகள் ஒன்றோடொன்று பொருந்தி நடுவே இரண்டு குழாய்களை உண்டாக்கும். ஒன்றில் எச்சில் இறங்கும், மற்றதில் சாறு ஏறும். அந்த எச்சில் தண்டுக்குள் கெட்டிப்பட்டு, சாறு ஓடும் நாளம் வரைக்கும் ஊசிக்கு வழிபோட்டுத் தரும். பட்டாம்பூச்சியில் துணைத்தாடைகள் நீண்டு ஒட்டிச் சுருள்குழலாயின. கொசுவுக்கு ஆறு ஊசி. எதுவும் புதிதாக முளைத்ததல்ல.

குருத்துப்பூச்சி இன்னும் வேடிக்கை. புழுவாக இருக்கும்போது தண்டைக் குடைந்து நடுக்குருத்தைக் காயவைக்கும், கதிர் வந்த பயிரை வெண்கதிராக்கும். அதே புழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் ஒன்றுமே தின்பதில்லை. முட்டையிட்டுச் சில நாளில் சாகிற உயிருக்கு எதற்கு வாய்? தேய்ந்தே போய்விட்டது.

இனி மருந்துக்கு வருவோம். இலையைக் கடித்துத் தின்னும் புழு, இலைமேல் படிந்த மருந்தையும் சேர்த்தே விழுங்கும். உறிஞ்சும் பூச்சி அப்படியல்ல. ஊசி மேல்தோலைத் தாண்டி உள்ளே இறங்கிவிடுவதால் படிந்த மருந்து அதன் வயிற்றுக்குள் போகாது. ஒன்று, மருந்து அதன் உடம்பிலேயே பட வேண்டும். அல்லது சாற்றில் கலந்து ஓட வேண்டும். புகையானோ தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே ஒட்டிக்கிடக்கும். "மேலாக அடிச்சேன், ஒண்ணும் சாகலையேண்ணே" என்றால் எப்படிச் சாகும்?

வாய் இன்றும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குச் சாட்சி சொல்ல நம் வேலி முடக்கத்தானே வரும். அமெரிக்காவின் புளோரிடாவில், முடக்கத்தானின் உறவுக் கொடி ஒன்றின் விதையை உறிஞ்சி வாழும் சிவப்பும் கறுப்புமான நாவாய்ப்பூச்சி ஒன்று உண்டு. காய் பலூன்போல் ஊதியிருக்கும், விதை நடுவில். தோலிலிருந்து விதைக்கு ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அதனால் பூச்சிக்கும் நீண்ட ஊசி. 1950-களை ஒட்டி அங்கே அழகுக்காகத் தைவான் மரம் ஒன்றை நட்டார்கள். அதன் காய் தட்டை. விதை 3 மில்லிமீட்டருக்குள்ளேயே கிடைத்துவிடும். பூச்சி அந்த மரத்துக்கும் குடிபோனது. ஸ்காட் கேரல் என்ற ஆய்வாளரும் பாய்ட் என்பவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், மரத்துக்குப் போனவற்றின் ஊசி குட்டையாகியிருந்தது. அருங்காட்சியகங்களில் தேதிச்சீட்டோடு குத்திவைத்திருந்த பழைய பூச்சிகளையும் அளந்து ஒப்பிட்டிருந்தார்கள். சில பத்தாண்டுகளுக்குள் நடந்த மாற்றம் இது!

அதே நாட்டின் வேறு மாநிலங்களில், வெளியிலிருந்து வந்த முடக்கத்தான் களையாகப் பரவிய இடங்களில், கதை தலைகீழ். அங்கே அதே இனப் பூச்சி அதுவரை உண்டுவந்தது ஒரு பூந்திமர வகையின் சிறிய காயை. முடக்கத்தான் காய் அதைவிடப் பெரிது, ஊசி நீண்டுவிட்டது. பழக்கத்தால் வந்த வித்தியாசமோ என்ற சந்தேகத்தையும் தீர்த்துவிட்டார்கள்: புளோரிடாவின் கொடிப் பூச்சியையும் மரப் பூச்சியையும் ஆய்வுக்கூடத்தில் ஒரே விதை கொடுத்து வளர்த்தார்கள். மரத்துப் பூச்சியின் குஞ்சுகள் அப்போதும் குட்டை ஊசியோடுதான் வளர்ந்தன.